பாகம் பிரிக்க முடியாத உத்திரம்

பழைய வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை வருஷத்து வீடு?" என்பதுதான். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பா வழி வீட்டைப் பற்றிக் கேட்டால், ஊரில் "திப்பு காலத்து வீடு" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பகுதியான பாராமகால் சீமை திப்பு சுல்தான் கையிலிருந்து கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது 1792-இல். அதற்கு முந்தைய எதுவானாலும் எங்கள் பக்கத்தில் திப்பு காலம்தான். நான் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. தொட்டியைச் சுற்றி நிற்கும் தூண்களுக்கு ஒரு வயசு, அவற்றின் கீழே இருக்கும் கல்லுக்கு வேறு வயசு, ஓட்டுக்கு வேறு, கூடத்தின் நடுவில் நிற்கும் சுவர் என்னைவிடச் சின்னது. எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. இதில் எதை "அசல்" என்று பிரித்துச் சொல்வது?

மேற்குப் பக்கம் உத்திரத்தின் முனை உளுத்துப் போய், கூரையைப் பிரித்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. ஓட்டை இறக்கினதும், சின்ன வயசிலிருந்து அண்ணாந்து பார்த்த மரங்களின் மேல்பக்கம் முதல்முறையாகத் தெரிந்தது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, நாலு பக்கமும் தாழ்வாரம், தெற்கே கூடம், அதற்கு இரண்டு பக்கமும் அறைகள், முன்னால் திண்ணை. தொட்டியைச் சுற்றி எட்டுத் தூண். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் மண்சுவருக்குள்ளும் தூண்கள் இருக்கின்றன. பூச்சு உதிர்ந்த இடத்தில் தட்டிப் பார்த்தால் சத்தமே மாறும். உத்திரங்களைத் தாங்குவது இந்த மரங்கள்தான்; சுவர் வெயிலையும் காற்றையும் மறைப்பதற்கு. அடைமழையில் ஒரு பக்கத்துச் சுவர் கரைந்து சரிந்தாலும் கூரை அப்படியே நிற்கும். மண்ணைக் குழைத்து மறுபடியும் சுவர் வைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டின் சுவர்களில் பாதிக்கு மேல் அப்படி மாறியவை. மரச்சட்டம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

தூண்கள் ஆச்சா மரம். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து வறண்ட காட்டில் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் மடங்கும். உத்திரங்களும், ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரங்களும் வேங்கை. வேங்கைப் பாலைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்குப் பொட்டு வைப்பார்கள், அதே மரம். அறைகளின் அகலத்தை அளந்தால் எல்லாமே ஒன்பது அடியை ஒட்டி வருகிறது. கட்டியவர் ஒன்பது அடி வேண்டும் என்று நினைத்தாரா, காட்டிலிருந்து வண்டியில் ஏற்றிவர முடிந்த மரம் அந்த நீளமா என்று கேட்டால், மரம்தான் முடிவு செய்திருக்கும் என்பேன். கூடத்துக்கு நடுவே ஓடும் உத்திரம் மட்டும் பதினெட்டு அடி. ஒட்டு இல்லாத ஒரே மரம்.

மரத்தில் ஆயுதம் விட்டுப்போன தடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இப்போது வேலை செய்யும் ஆசாரி. டார்ச்சை நேராக அடிக்காமல், மரத்தோடு சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். தூண்களின் பக்கங்களில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. அது வாய்ச்சியால், கைக்கோடாலி போன்ற செதுக்கும் ஆயுதத்தால், செதுக்கியது. கைமரங்களில் சிலவற்றில் கோடுகள், ஒன்றுக்கொன்று சரியாக இணையாமல், கொஞ்சம் சாய்ந்தும் நிமிர்ந்தும். அது மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ரம்பம் இழுத்து அறுத்தது. இழுப்புக்கு இழுப்பு கை மாறும், கோடும் மாறும். கிழக்குத் தாழ்வாரத்தில் மட்டும் வில் மாதிரி வளைந்த கோடுகள். அது வட்ட ரம்பம், மில்லில் அறுத்தது.

"மரத்துக்கு வயசு கேக்காதீங்க. யார் கை பட்டுதுன்னு கேளுங்க, சொல்லும்" என்றார்.

குளிர் நாடுகளில் மரத்தின் வளையங்களை எண்ணி, அது வெட்டப்பட்ட வருஷத்தையே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் வருஷ வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. தேக்கு ஒரு விதிவிலக்கு. அதனால் நமக்கு இந்தத் தடங்கள்தான் சாட்சி. இன்னொரு சாட்சி மரத்தின் வகை. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. அதுவரை குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வெட்டி வந்த காடு, அதன்பின் அரசாங்கக் காடு ஆனது. கிழக்குத் தாழ்வாரத்தின் கைமரங்கள் மெலிந்தவை, தேக்கு, மில் அறுப்பு. காசு கொடுத்து வாங்கின மரம் என்று பார்த்தாலே தெரிகிறது. ஒரே வீட்டின் இரண்டு தாழ்வாரங்களுக்கு நடுவே ஒரு சட்டம் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

சரி, துளைகளுக்கு வருகிறேன். இந்த வீட்டில் எனக்கு மிக முக்கியமான இடம் அது.

வடக்குப் பக்கத் தூண்கள் நாலிலும், தரையிலிருந்து ஏழு அடி உயரத்தில் ஒரு நீள்சதுரத் துளை இருக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் உயரம், கை மணிக்கட்டு வரை உள்ளே போகும். ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு விரலை விட்டுத் தடவினால், உள்ளே உளி இறங்கிய மூலைகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. வெளியில் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த அதே மரம் உள்ளே செம்பழுப்பாக இருக்கிறது. பழைய ஆசாரிகள் ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, இன்னொரு மரத்தின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மரமுளை அடித்துப் பொருத்துவார்கள். இரும்பு வேண்டாம். அப்படியானால் இந்த நாலு துளைகளிலும் ஒரு காலத்தில் குறுக்கு உத்திரங்கள் இருந்திருக்கின்றன. அவற்றின் மேல் பலகை பரப்பி மச்சு இருந்திருக்கிறது.

அந்த மச்சு எங்கே போனது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் விற்றுத் தின்றார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லா. மாடு போனது, பாத்திரம் போனது, அப்புறம் வீட்டு மரம் போனது என்று பாட்டி சொன்னதைப் பெரியம்மா இன்னும் சொல்வார். நானும் அதைக் கதையாகத்தான் கேட்டு வளர்ந்தேன்.

இந்தமுறை டார்ச்சோடு பார்த்தபோது இரண்டு துளைகள் காலியாக இல்லை என்பது தெரிந்தது. உள்ளே நாக்கு இன்னும் இருக்கிறது, முளையோடு. துளையின் வாயோடு சமமாக ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். ஆசாரி சற்று நேரம் பார்த்துவிட்டு விளக்கினார். முளையைத் தட்டி, தூணைக் கொஞ்சம் விலக்கினால்தான் நாக்கு வெளியே வரும். அதற்குக் கூரைக்கு முட்டு கொடுக்க வேண்டும், நாலு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டு மரத்தை அப்படிக் கழற்றியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் ஆளும் தெம்பும் இல்லை போலிருக்கிறது, அறுத்து எடுத்துவிட்டார்கள். நாக்கு போனால் மரத்தின் நீளம் குறையும், விலையும் குறையும். அது தெரிந்தே அறுத்திருக்கிறார்கள்.

குறுக்கு உத்திரம் போனதால் தூண்களைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் போனது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். வடக்குத் தூண்கள் நாலும் தொட்டிப் பக்கமாக ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வோடேயே அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன.

தூணின் அடியில் இருக்கும் கல்லும் பேசும். கிருஷ்ணகிரியில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. தூணை மண்ணில் ஊன்றாமல் அடிக்கல் மேல் நிறுத்துவது கரையானுக்காக. எட்டுக் கல்லும் ஒரே உயரமாகத்தானே இருக்க வேண்டும்? ஆறு கற்கள் அரை அடி. தென்கிழக்கு மூலையில் ஒன்று ஒன்றரை அடி, அதற்கு அடுத்தது ஒரு அடி. தொட்டியில் விழும் மழை அந்த மூலையில்தான் தேங்கும். தூணின் கால் நனைந்து நனைந்து மக்கிய போதெல்லாம் மக்கிய அளவுக்கு அறுத்து எறிந்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கல்லை மாற்றியிருக்கிறார்கள். புதுத் தூணுக்குச் செலவு செய்யாமல், மேலே இருக்கும் கூரையை அசைக்காமல் செய்த வேலை. எந்த எஞ்சினியரும் இதைவிட நல்ல வழி சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

கூரைக்கு வருவோம். கிழக்குச் சாய்சுவரின் உள்பக்கம் ஒரு மங்கலான சாய்கோடு இருக்கிறது, இப்போதைய கூரைக்கு இரண்டு அடி கீழே. கோட்டுக்குக் கீழே புகைக் கறுப்பு, மேலே வெறும் மண் நிறம். பழைய கூரை அந்தக் கோட்டில் இருந்தது. குயவர் சக்கரத்தில் செய்த நாட்டு ஓடு தாழ்ந்த சாய்விலேயே நிற்கும். ஆனால் கனம் அதிகம், குரங்கு ஓடினால் சரியும், வருஷா வருஷம் மாற்றிப் போட வேண்டும். 1865-இல் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சங்கத்தார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அந்தத் தட்டை ஓடு ரயில் போன இடமெல்லாம் போனது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறும்பாதை ரயில் வந்தது. மங்களூர் ஓட்டுக்குச் சாய்வு கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றோடு அடிக்கும் மழை மேலேறி உள்ளே வந்துவிடும். அதற்காகக் கூரையின் உச்சியான மோட்டை உயர்த்தி, பழைய கைமரங்களையே மறுபடி சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். கைமரங்களின் தலையில் உளியால் கீறிய கோடுகள் உண்டு: ஒன்று, இரண்டு, மூன்று. முதலில் பொருத்தியவர்கள் வரிசைக்காகப் போட்ட அடையாளம். இப்போது அந்த வரிசை நாலு, ஒன்று, ஏழு என்று கலைந்து கிடக்கிறது. கூரை ஒருமுறை முழுதாகப் பிரிக்கப்பட்டு மறுபடி ஏறியிருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அந்த இரண்டு குறும்பாதைகளும் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இல்லாமல் போயின. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் திரும்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஆறாத வருத்தம். பாதையைப் பெயர்த்தபோது ஏலத்தில் எடுத்தது என்று பெரியப்பா ஒரு தண்டவாளத் துண்டைக் காட்டுவார். அது வெகுகாலம் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததாம். பிறகு 1957-இல் கிருஷ்ணகிரி அணை திறந்தார்கள். இடதும் வலதுமாக ஓடும் அதன் கால்வாய்களில் சுமார் 9,000 ஏக்கர் நனைகிறது. எங்கள் ஊர் ராகியிலிருந்து நெல்லுக்கு மாறியது அதனால்தான். ராகியைக் குழி வெட்டிக் கொட்டி மூடிவிடலாம், வருஷக்கணக்கில் கிடக்கும். நெல்லுக்குக் காய்ந்த, காற்று படும் இடம் வேண்டும். மறுபடியும் மச்சு தேவைப்பட்டது.

தண்டவாளத்தை எங்கே ஏற்றினார்கள் தெரியுமா? பஞ்சத்தில் காலியான அதே துளைகளில். கழற்றி எடுத்த இரண்டு துளைகளையும் கொஞ்சம் அகலப்படுத்தி (புது வெட்டு இன்னும் நிறம் வெளுத்துத் தெரிகிறது), இரும்பின் இரண்டு முனைகளையும் அதில் சொருகி, நடுவில் ஒரு கல்தூணை முட்டுக் கொடுத்தார்கள். அதன் மேல் நெல் மூட்டை. பஞ்சத்துத் துளையில் அணைத் தண்ணீரில் விளைந்த நெல் ஏறி உட்கார்ந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பத்திரங்கள் உண்டு, ஜாதகக் கட்டு உண்டு. அவை எதிலும் இந்த விஷயம் எழுதப்படவில்லை. அந்தத் துளையில்தான் இருக்கிறது.

அப்பா தலைமுறையில் பாகப்பிரிவினை நடந்தது. தொட்டியில் பாதி, கூடத்தில் பாதி என்று பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அளந்து கொடுத்தார்கள். கூடத்தின் நடுவே செங்கல் சுவர் எழும்பியது. ஆனால் அந்தப் பதினெட்டு அடி உத்திரம்? அதை வெட்ட முடியாது; வெட்டினால் இரண்டு பக்கமும் விழும். சுவரை அதன் அடிவரை கொண்டுபோய், இரண்டு பக்கமும் சுற்றிக் கட்டி முடித்தார்கள். பத்திரத்தில் கிணறு பொது, வாசல் பொது என்பதோடு "மேற்படி உத்திரமும் பொது" என்று ஒரு வரி சேர்ந்தது. ஒன்பது அடி பெரியப்பா வீட்டில், ஒன்பது அடி சித்தப்பா வீட்டில்.

இப்போது உளுத்தது அந்த உத்திரத்தின் மேற்கு முனை, பெரியம்மா பக்கம். காரணம் பழைமை இல்லை, சிமெண்ட். மழைச் சாரலுக்குப் பயந்து மேற்குச் சுவருக்கு வெளியே சில வருஷங்களுக்கு முன் சிமெண்ட் பூசினார்கள். மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. எங்கேயாவது ஒரு வெடிப்பில் இறங்கிய தண்ணீர் சுவருக்குள்ளேயே தங்கி, சுவரில் புதைந்திருந்த மரத்தின் முனையை நனைத்துக்கொண்டே இருந்தது. வெளியே பார்த்தால் பூச்சு புதுசு, உள்ளே ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் பிடிவரை இறங்கியது. இரண்டு நூற்றாண்டு மழையைத் தாங்கிய வேங்கை ஒரு சிமெண்ட் பூச்சில் ஒன்றரை அடி போய்விட்டது. பழைய மண் வீடு வைத்திருப்பவர்கள் இதையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

பார்க்க வந்த எஞ்சினியர் ஒருவர் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னார். பழைய மரம் வாங்குகிறவர்களும் வந்தார்கள். தூணுக்கு நல்ல விலை சொன்னார்கள், எங்கோ ஒரு ரிசார்ட்டுக்கு வேண்டுமாம். துளை இருக்கிற தூண் வேண்டாம் என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை.

பெரியம்மா சொன்னதும் சரிதான். "ஏம்பா, நீ வந்து தூணைத் தடவிட்டுப் போயிடுவ. ராத்திரி மழையில தொட்டியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போறது நானு." முட்டி வலியோடு ஒரு மனுஷி கழிப்பறைக்கு நனைந்துகொண்டு போக வேண்டும் என்றால் அந்தப் பழைமையை நான் கொண்டாட மாட்டேன். ஒசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அது இனி மாற வேண்டியதில்லை. ஆள் வாழ்கிற வீடு அப்படி நிற்க முடியாது. இந்த வீடு இதுவரை பிழைத்ததே, ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டதால்தான். மாற்றும்போது முந்தையவர்கள் செய்ததை அழிக்காமல், அதன் மேல் தங்கள் வேலையைச் சேர்த்தார்கள். நான் வேண்டுவதும் அதுதான்.

உத்திரத்துக்கு முட்டு கொடுக்கும் நாள் சித்தப்பா தன் பக்கத்து ஓட்டைத் தானே இறக்க ஏணியோடு வந்தார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் நடுச்சுவரில் உத்திரம் நெரியும். இந்தப் பக்கம் ஆசாரி, அந்தப் பக்கம் அவருடைய மகன், இருவர் கையிலும் ஜாக்கி. சுவருக்கு மேலே குரல் கொடுத்துக் கால் அங்குலம் கால் அங்குலமாக ஏற்றினார்கள். பெரியம்மாவும் சித்தப்பாவும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று "போதும்", "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவ்வளவு நேரம் பேசி வெகுகாலம் ஆயிற்று.

உளுத்த முனையை நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி, வேறொரு இடிந்த வீட்டிலிருந்து வாங்கிய வேங்கைத் துண்டை அதே சாய்வில் செதுக்கி ஒட்டி, இரண்டு போல்ட் போட்டு முடுக்கினார் ஆசாரி. முனைக்குக் கீழே ஒரு கல் பலகை. சுவரில் மரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் விரல் நுழையும் இடைவெளி, காற்று போக. முனை முழுக்க வேப்பெண்ணெய். புது மரத்தையும் பழைய மரத்தையும் ஒரே நிறமாக்கச் சாயம் பூசலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்துப் பிரிப்பவர்களுக்கு எங்கள் வேலை எது என்று தெரிய வேண்டும்.

கழிப்பறை மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் வந்துவிட்டது, தாழ்வாரத்தை ஒட்டியே போகலாம், நனைய வேண்டாம். அதன் சுவரை எந்தத் தூணையும் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டினோம். வெளிச்சுவரின் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தாயிற்று, சுண்ணாம்பு பூச வெயில் வர வேண்டும்.

உங்கள் வீட்டிலும் கூரை பிரிக்கும் வேலை வந்தால், ஓடு இறங்கிய அன்றே கைமரங்களின் தலையையும் தூண்களின் துளைகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். மேஸ்திரி துளைகளை அடைக்கத்தான் சொல்வார், அடைக்க விடாதீர்கள். கழற்றும் மரங்களுக்குச் சாக்பீஸில் எண் போடுங்கள், பழைய கீறல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. தென்கிழக்கு மூலைத் தூணில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. ஒன்றரை அடிக் கல்லின் மேல் நிற்கும் அந்தத் தூணை இனியும் அறுத்துக் குறைக்க முடியாது என்கிறார் ஆசாரி. எட்டடி நீளம், ஒன்பது அங்குலச் சதுரம், ஆச்சா வேண்டும். காட்டில் வெட்ட முடியாது, டிப்போவில் அந்தக் கனத்தில் கிடைக்கவில்லை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் யாராவது பழைய வீடு இடிப்பது தெரிந்தால் சொல்லுங்கள். துளை இருந்தாலும் பரவாயில்லை.